இடது பெட்டி மேல் ஒரு புகார்

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மலேசியாவின் ஈப்போவில் சியூ கோக் வெங்கின் வீட்டு முன்னறையில் நான்கு பேர் இருந்தார்கள். நடு நாற்காலியில் கோக் வெங். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் சரிசமமான தூரத்தில், தரையில் ஒட்டிய நாடாத் துண்டுகளின் மேல் நான்கு கால்களையும் ஊன்றி நிற்கும் அந்த நாற்காலியில் வேறு யாரும் உட்காருவதில்லை. அவருக்கு வலப் பக்கம், ஜன்னல் ஓரப் பிரம்பு சோபாவில், பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அஸ்ஹாரி. ஊருக்கே அவர் 'சிகு', அதாவது வாத்தியார். இடப் பக்கம், செருப்பு அலமாரிக்கு அருகே பிளாஸ்டிக் ஸ்டூலில், ஸ்டீரியோ கடை முதலாளி தவுக்கே யாப். மடியில் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலம். சமையலறை வாசலில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி வெங்கின் மனைவி லாய் குவான். அவள் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அபிப்பிராயம் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

எதிரே, முழங்கால் உயரத் தாங்கிகளின் மேல், குற்றவாளிகள் இருவர்: யாப் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு ஜோடி ஸ்பீக்கர்கள். கடையில் காட்சிக்கு வைத்திருந்தவை. ஒன்றின் மூலையில் ஒரு கீறல். அதனால் விலை குறைத்திருந்தார். அப்படியும் அது வெங்கின் சேமிப்புக்கு ஒரு எட்டு மேலேதான் இருந்தது.

வெங்குக்கு அந்த வட்டாரத்தில் 'காது' என்று பெயர். குடிநீர் வாரியத்தில் வரைபடம் வரைந்துகொண்டிருந்தவருக்கு இந்தப் பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று அவருக்கே நினைவில்லை. மறுக்காமல் வாங்கிக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது. யாப்பின் கடைக்குப் புதிதாக எது வந்தாலும் வெங் கேட்டுப் பார்த்து, வீட்டுக்குப் போய் ஆற அமர யோசித்து, கைப்பட எழுதி, தபாலில் தீர்ப்பு அனுப்புவார். கடை பத்து நிமிட நடையில் இருந்தாலும் தபால்தான். நேரில் கொடுத்தால் மரியாதை குறைந்துவிடும் என்பது அவருடைய எண்ணம். நல்ல தீர்ப்போ கெட்ட தீர்ப்போ, யாப் அதைக் கல்லாவின் கண்ணாடிக்கு அடியில் வைப்பார். அந்தக் கண்ணாடியை நம்பித்தான் பலர் அங்கே வாங்கினார்கள்.

இந்த ஜோடிக்கும் போன மாதம் ஒரு தீர்ப்பு போயிருந்தது. 'இடது பெட்டி சோர்வு. பாடகி வலப் பக்கம் சாய்ந்து நிற்கிறாள்.' நல்ல ஜோடி என்றால் இரண்டு பெட்டிக்கும் நடுவே, யாருமே இல்லாத இடத்தில், பாடகி நின்று பாடுவது போலக் கேட்க வேண்டும். அந்தக் கடிதம் கண்ணாடிக்கு அடியில் போன மறுநாளே, முன்பணம் கொடுக்க இருந்த சிகு பின்வாங்கினார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிகளை யாரும் தொடவில்லை.

"என் கடையில கேட்டே, சாயுதுன்னே. சரி, இப்ப உன் வீடு, உன் ஆம்ப்ளிஃபயர், உன் ஒயர். போட்டுக் கேளு லா," என்றார் யாப்.

வெங் கண்ணை மூடினார். பாடகி ஜன்னல் பக்கம்தான் நின்றாள்.

"சாயுது."

யாப் எழுந்து இடது பெட்டியை வலப் பக்கமும் வலது பெட்டியை இடப் பக்கமும் மாற்றி வைத்தார். அதே பாட்டு. பாடகி ஜன்னலை விட்டு நகரவில்லை.

"இன்னும் சாயுது."

"பெட்டியையே மாத்திட்டேன், வெங். இப்ப இடப் பக்கம் இருக்கிறது பழைய வலது பெட்டி."

"அப்போ ரெண்டுமே சோர்வு," என்றார் வெங். சொல்லும்போதே தன் தர்க்கம் தனக்கே கூசியது. ஆனால் பட்டத்தைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார்.

ஒயரை மாற்றினார்கள். ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கம் இணைப்பை மாற்றினார்கள். அறைதான் காரணம் என்று வெங் சொன்னதும் செருப்பு அலமாரியை வெளியே இழுத்தார்கள்.

"போன வாரம் திரைச்சீலை, இந்த வாரம் அலமாரி," என்றாள் லாய் குவான். "அடுத்த வாரம் நானா?"

சிகு தொண்டையைச் செருமினார். "வகுப்புல ரெண்டு பையன்களையும் இடம் மாத்தி உட்கார வெச்சாச்சு. சத்தம் நிக்கல. இனி வாத்தியார்தான் இடம் மாறிப் பார்க்கணும். நீங்க நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருங்களேன், வெங். அறை மேல தப்புன்னா பாட்டுக்காரி அங்கேயே ஜன்னல்கிட்ட நிக்கணும், இல்லையா?"

அது நியாயமாகப் பட்டது. அறையைக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்ற உற்சாகத்தோடு வெங் நாற்காலியைத் திருப்பி, பெட்டிகளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

பாடகி ஜன்னலை விட்டுவிட்டாள். அறையைக் கடந்து வந்து, செருப்பு அலமாரி இருந்த இடத்தில் நின்று பாடினாள்.

ஜன்னல் இப்போது அவருக்கு இடப் பக்கம். அலமாரி இருந்த இடம் வலப் பக்கம். அவள் பெட்டியையும் நம்பவில்லை, சுவரையும் நம்பவில்லை. வெங்கின் வலது காதை மட்டுமே பிடித்துக்கொண்டு கூடவே வந்திருந்தாள்.

வெங்கின் பின்கழுத்து சுட்டது. அத்தனை வருடமாக நடு நாற்காலியில் இன்னொருவரை உட்கார விட்டிருந்தால், இது எப்போதோ தெரிந்திருக்கும். நல்லவேளையாக மற்ற மூவரும் பெட்டிகள் பக்கம் நின்றதால் அவர்களுக்கு அவருடைய முதுகுதான் தெரிந்தது.

"என்ன, எங்க நிக்கிறா?" என்றார் யாப்.

"யோசிக்கணும், தவுக்கே."

யாப் பாட்டை நிறுத்தினார். பொட்டலத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "இங்க பாரு வெங். உன் கடிதம் கண்ணாடிக்கு அடியில இருக்கிற வரைக்கும் இந்த ஜோடி போகாது. கடையில இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. நீ காது. நீ சாயுதுன்னா சாயுது. பாதி விலைக்கு நீயே எடுத்துக்கோ. பெட்டிங்க இங்கயே இருக்கட்டும். வழக்கம்போல எழுதி அனுப்பு."

பாதி விலை. சேமிப்பில் எடுத்ததுபோக மிச்சம்கூட இருக்கும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னால் விலை ஏறும். திறக்காமல் இருந்தால் பெட்டிகள் வீட்டில். வெங் வாயைத் திறக்கவில்லை.

"பழகிட்டா சாய்வு தெரியாது," என்று சிகு போகும்போது ஆறுதல் சொன்னார். அந்த ஜோடியின் மேல் அவர் வைத்திருந்த பார்வையில், வாங்க முடியாமல் போன ஏக்கம் இன்னும் மிச்சமிருந்தது. வெங் குனிந்து செருப்பு தேடினார், தன் வீட்டிலேயே.

அவர்கள் போனதும் லாய் குவான் அவருடைய இடப் பக்கம் வந்து நின்றாள். பிறகு சுற்றிக்கொண்டு வலப் பக்கம் வந்தாள்.

"காபி வேணுமான்னு அந்தப் பக்கம் மூணு தடவை கேட்டேன்."

வெங் அவளைப் பார்த்தார்.

"இதுதான் விஷயமா?" என்றாள் அவள். "சாப்பிடும்போது நான் உனக்கு இடப் பக்கம்தான் உட்காருறேன், ஆ வெங். நான் பேசினா நீ வேணும்னே கேக்காத மாதிரி இருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்."

"எப்பவாவது வேணும்னேதான்," என்றார் வெங். உண்மை அன்று அவரிடமிருந்து அந்த அளவுக்குத்தான் வந்தது.

மறுநாள் காலை கிளினிக்கில் இளம் டாக்டர் அம்மா சின்ன விளக்கை அவர் இடது காதுக்குள் காட்டிப் பார்த்தாள். "அங்கிள், உள்ள ஒரு கதவே போட்டு வெச்சிருக்கீங்க." வெதுவெதுப்பான தண்ணீரைப் பீய்ச்சினாள். தட்டில் வந்து விழுந்ததை வெங் மரியாதையோடு பார்த்தார். பேரீச்சங்கொட்டை அளவு. ஆம்ப்ளிஃபயர் அதிரக்கூடாது என்று அடியில் சலவைக்கல் வாங்கிப் போட்டவர் அவர். ஒயர் தரையில் படக்கூடாது என்று மரக்கட்டை செதுக்கி முட்டுக்கொடுத்தவர். பெட்டிகளைப் பஞ்சால் துடைத்தவர், அதே பஞ்சைக் காதுப் பக்கம் கொண்டுபோனதில்லை.

வீட்டுக்கு வந்து முதலில் தன் பழைய ஸ்பீக்கர்களைப் போட்டார். போன வாரம் திரைச்சீலையை மாற்றியும் ஜன்னல் பக்கமே சாய்ந்த பாடகி, இப்போது நடுவில் நின்றாள். பாவம், அவள் எப்போதுமே அங்கேதான் நின்றிருக்கிறாள். பிறகு யாப்பின் ஜோடியை மாட்டினார். இப்போது அவள் நின்றது மட்டுமல்ல. அடுத்த வரியைத் தொடங்குமுன் மூச்சு இழுத்தாள். பின்னால் ஒருவன் தந்தியிலிருந்து விரலை எடுப்பது கேட்டது. பாட்டு முடிந்தும் வெங் எழுந்திருக்கவில்லை. அவர் சேமிப்பில் இவ்வளவு நல்ல ஜோடி இன்னொரு தடவை வரப்போவதில்லை.

லாய் குவான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நல்லாத்தான் இருக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு. அதான் கஷ்டம்."

"பாதி விலைன்னா வாங்கிடு. உன் காது பாதிதானே கேட்டுச்சு."

அவர் சிரித்தார். சிரித்து முடித்ததும் அந்தக் கணக்கு எவ்வளவு பொருத்தமாக இருக்கிறது என்று ஒரு கணம் உண்மையாகவே யோசித்தார். அப்புறம் பிரம்பு சோபாவைப் பார்த்தார். சிகு உட்கார்ந்திருந்த இடம்; சாய்வு பழகிவிடும் என்று போகும்போது இவருக்கே ஆறுதல் சொன்ன சிகு. மேசைக்குப் போய் பேனாவைத் திறந்தார்.

வழக்கமாகத் தீர்ப்புக்கு வரிசை எண் போட்டுத்தான் எழுதுவார். அன்று எண் போடவில்லை.

'தவுக்கே யாப் அவர்களுக்கு, வணக்கம். போன மாதம் நான் எழுதிய தீர்ப்பைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து எடுத்துவிட்டு இதை வைக்கவும். அதில் சொன்ன ஜோடியில் எந்தச் சோர்வும் இல்லை. சோர்வு என் இடது காதில் இருந்தது; அதை இன்று காலை ஒரு டாக்டர் அம்மா தண்ணீர் விட்டு எடுத்துவிட்டார். உங்கள் பெட்டிகள் என் சேமிப்பைவிட நல்லவை. ஆகையால் பாதி விலை வேண்டாம்; சொன்ன விலைக்கே விற்கவும். என் கடிதத்தை நம்பிப் பின்வாங்கியவர் சிகு. முதல் உரிமை அவருக்கு. அவர் வாங்கினால் எப்போதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிடச் சொல்லவும். சோபாவில் உட்கார்ந்து கேட்கிறேன். என் வீட்டு நடு நாற்காலியில் இனி யார் வேண்டுமானாலும் உட்காரலாம். காதைக் கழுவிவிட்டு வந்தால் போதும். இப்படிக்கு, சியூ கோக் வெங்.'

'காது' என்று கையெழுத்துக்குக் கீழே எழுதும் பழக்கம் உண்டு. பேனா தானாகவே அங்கே போனது. அதைத் திருப்பிக்கொண்டு வந்து மூடினார்.

"கடைக்காரன் இதை எல்லாரும் பார்க்க வைப்பானா?" என்று லாய் குவான் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டுக் கேட்டாள். இடது தோள்.

"வைப்பான்."

"பேரீச்சங்கொட்டையை எழுதலையே."

"தவுக்கே சாப்பிட்டுக்கிட்டே படிப்பாரு."

அவர் உறையின் ஓரத்தை நாக்கால் தடவி ஒட்டினார். தபால்தலையை ஒட்டி, உள்ளங்கையால் அழுத்தினார். மனது மாறுவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்தார். சிவப்புப் பெட்டியின் வாயில் உறையைப் பாதி நுழைத்து ஒரு கணம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு விட்டார். அது உள்ளே தகரத்தில் மோதி விழுந்த சத்தம் இரண்டு காதிலும் கேட்டது.