தளத்துக்குக் கீழே ஒரு நாற்காலி

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பலகை மாட்டியிருக்கும் அரியமுத்து கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸின் மூத்த முதலாளி வீரமணி. ஐம்பத்து நான்கு வயது. கம்பெனியில் அவருக்கு என்ன வேலை என்று கேட்டால், உட்காருவது. சிரிக்க வேண்டாம், உண்மை அதுதான்.

அப்பா அரியமுத்து கூலிக்கு ஏர் ஓட்டிய குடும்பத்தில் பிறந்து கொத்தனார் ஆனவர். லப்பைக்குடிக்காட்டில் அவர் முதன்முதலாக ஒரு மாடி வீடு கட்டியபோது, துபாயிலிருந்து வந்திருந்த வீட்டுக்காரருக்கு இந்த ஆள் போட்ட தளம் நிற்குமா என்று சந்தேகம். அரியமுத்து சென்ட்ரிங் பலகைகளைப் பிரிக்கிற அன்று தளத்துக்குக் கீழே இரும்பு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுகளை ஒவ்வொன்றாக உருவச் சொல்லிவிட்டு டீ குடித்தார். அந்த ஒரு டீயில் வளர்ந்த கம்பெனி இது.

அப்பாவுக்குப் பிறகு நாற்காலி வீரமணிக்கு வந்தது. தம்பி செந்தில்குமார் வேலைகளைப் பிடித்துக்கொண்டே போனான். எறையூரில் குடோன், குரும்பலூரில் கடை வரிசை, இப்போது அரியலூரில் சிங்காரவேலுவின் கல்யாண மண்டபம். முன்பெல்லாம் தளம் போடும்போது வீரமணி கொத்தனார் கரண்டியோடு மேலேயே நிற்பார். இப்போது நாற்காலியோடு காரில் வந்து இறங்குவார், உட்காருவார், வீடியோ எடுப்பார்கள், அடுத்த ஊருக்குக் கிளம்புவார். மேலே இருக்கும் தளத்தை எப்படிப் போட்டார்கள் என்றுகூட அவருக்குத் தெரியாது. மனுஷருக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

மண்டபத்தில் சென்ட்ரிங் பிரிக்கிற அன்று சிங்காரவேலுவின் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்ட சித்தாள் அம்மாக்கண்ணு நகரவில்லை.

“தளத்து மேல கட்டுன பாத்தியில தண்ணி நாலு நாளுதாங்க நின்னுச்சி. அப்பறம் தண்ணி லாரியே வரல,” என்றாள் தணிந்த குரலில்.

சித்திரை வெயிலில் நாலே நாள் நனைந்த கான்கிரீட் சரியாக இறுகியிருக்காது. தளம் போட்டுப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. வீரமணி தம்பியைத் தனியே அழைத்துக் கேட்டார். லாரியைக் குரும்பலூருக்குத் திருப்பிவிட்டதை அவன் மறைக்கவில்லை. அங்கேயும் அவசரம் என்றான்.

“நிக்கும்ண்ணே. இத்தனை பேரு வந்திருக்காங்க. இன்னிக்குப் பிரிக்கலன்னா நம்ம பேரு போயிடும்.”

சண்டை போடக்கூட வீரமணிக்குத் தெம்பில்லை.

“நிக்கும்னா நீ உக்காரு.”

செந்தில்குமார் கூட்டத்தைப் பார்த்தான். வீடியோக்காரர் ஏற்கெனவே கேமராவைத் தூக்கியிருந்தார். அவன் போய் உட்கார்ந்தான். டீ டம்ளரை யாரோ கையில் கொடுத்தார்கள். அவன் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

சுத்தியலோடு நின்ற ஆட்கள் வீரமணியின் முகத்தைப் பார்த்தார்கள். தலையை அசைத்தால் போதும், முதல் முட்டு விழும். இருபது வருஷமாக இந்த நாற்காலியில் உட்கார்ந்தும் ஒருநாளும் வராத பயம் இப்போது வந்தது அவருக்கு.

“முட்டுல யாரும் கை வைக்காதீங்க,” என்றார்.

பிறகு சிங்காரவேலுவிடம் போய், எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். தண்ணீர் சரியாக நிறுத்தவில்லை, தப்பு எங்களுடையது, இன்றே பாத்தியை நிரப்புகிறோம், இன்னும் பதினைந்து நாளாவது முட்டு நிற்கட்டும். சிங்காரவேலு வாய்க்கு வந்தபடி பேசினார். சொந்தக்காரர்கள் செல்போனில் பேசிக்கொண்டே கலைந்தார்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் இரண்டு மாவட்டத்துக்கும் போய்விடும்.

செந்தில்குமார் மட்டும் எழவில்லை. முட்டுகளுக்கு நடுவே குனிந்து வந்த வீரமணி, முழங்கால் வலியோடு நாற்காலிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

“பிரிக்கச் சொல்லிடுவீங்கன்னு நெனச்சேண்ணே,” என்றான் தம்பி.

“நான் உக்காந்திருந்தா பிரிக்கச் சொல்லியிருப்பேன்டா.”

செந்தில்குமார் சட்டென்று திரும்பி அண்ணனைப் பார்த்தான். அவர் ஆறின டீயை வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.