முன்வரிசையில் இரண்டு இடம்

டாக்டர் சொன்னதை தேவானந்தம் நம்பவில்லை. அவர் யார் சொன்னதையும் நம்புகிற ஆள் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிப்போவில் பிரேக் பார்த்தவர். பிரேக் நல்லாத்தான் இருக்கு என்று டிரைவர் சொல்லுவான். பேப்பரிலும் எவனாவது கையெழுத்துப் போட்டிருப்பான். தேவானந்தம் வண்டிக்கு அடியில் படுத்துத் தானே தொட்டுப் பார்க்காமல் ஒரு வண்டியையும் கேட்டுக்கு வெளியே விட்டதில்லை. அஞ்சாங்கிளாசோடு நின்றுபோன மனுஷனுக்கு அந்தப் பழக்கம்தான் படிப்பு. அவர் கை பட்ட வண்டி எதுவும் போய் மோதியதில்லை. அது வரைக்கும் உண்மை.

போன மே மாதம் அவர் மனைவி சரோஜினியின் தங்கை மகள் ஹெப்சி மும்பையிலிருந்து செம்பாக்கத்தில் இவர்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். மும்பையில் ஒரு பேங்கில் அவளுக்கு வேலை. பெரியம்மாவும் பெரியப்பாவும் ஒருதரம் மும்பைக்கு வந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். கடலோர ரோடு, மாடி பஸ், படகில் போய்ப் பார்க்கிற குகை என்று அடுக்கிவிட்டுக் கடைசியில் ஒரு நாடக அரங்கத்தைப் பற்றிச் சொன்னாள். அங்கே மேடையே சுற்றுமாம். மேடைக்குள்ளேயே மழை பெய்யுமாம். ஆகஸ்ட் வரை நாடகம் நடக்கும், பாஷை புரியாவிட்டாலும் கண்ணை எடுக்க முடியாது என்றாள்.

அதைக் கேட்டதிலிருந்து சரோஜினி வேறு பேச்சே பேசவில்லை. அவள் ஸ்கூலில் தையல் டீச்சராக இருந்தவள். சேலையூரில் அவர்கள் போகிற சர்ச்சில் இருபத்தாறு வருஷம் கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு உடுப்பு தைத்தவளும் அவள்தான். ராஜாக்களுக்கு அங்கி, மேய்ப்பர்களுக்குக் கம்பளி, தேவதூதனுக்கு இறக்கை. நாடகம் நடக்கும்போது ஊசியும் நூலுமாகத் திரைக்குப் பின்னால் நிற்பாள். ஜனங்கள் சிரிப்பது கேட்கும், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது. ஏரோதையும் பார்த்தது முதுகுதான், மரியாளையும் பார்த்தது முதுகுதான். முன்னால் உட்கார்ந்து ஒரு நாடகத்தையும் அவள் பார்த்ததில்லை. பிறந்த வீட்டில் கொட்டகைக்குப் போவது பாவம். வாக்கப்பட்ட வீட்டில் புருஷனுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டியூட்டி.

"முதல் வரிசையா பாரு, ஹெப்சி. நடிக்கிறவங்க கண்ணு சிமிட்டுறது எனக்குத் தெரியணும்" என்று அவள் சொன்னபோது தேவானந்தம் பக்கத்தில்தான் இருந்தார்.

ஜூன் மாதம் அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எழுத்து கலங்கலாகத் தெரிகிறது என்றாள், கண்ணாடி மாற்றினால் சரியாகிவிடும் என்று போனது. அந்த டாக்டரம்மா மெஷினில் பார்த்துவிட்டு, சர்க்கரை கண்ணுக்குள்ளே இறங்கிவிட்டது, உள்ளே ரத்தம் கசிகிறது, ஒரு மாதத்துக்குள் ஊசி போட ஆரம்பிக்க வேண்டும், விட்டால் பார்வை போய்விடும் என்றாள். ஊசி எங்கே என்று கேட்டார். கண்ணுக்குள்ளே என்றாள்.

வெளியே வந்ததும் அவருக்குக் கோபம் பொங்கியது. "மெஷினை வாங்கி வெச்சிக்கினு கீறாங்க. அதுக்குத் தீனி போடணும். அதுக்கு உன் கண்ணு."

ஒருவேளை டாக்டரம்மா சொன்னது நிஜமாக இருந்தால் என்று சரோஜினி மெதுவாகக் கேட்டாள்.

"நெசமா இருந்தா மும்பையும் இல்ல, நாடகமும் இல்ல. கண்ணு தெரியாதவள இட்டுக்கினு போயி அந்த நெரிசல்ல தொலைச்சிட்டு நான் எங்க தேடுறது?"

இதை அவர் வாய்க்கு வந்தபடிதான் சொன்னார். அவள் அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

அவர் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு உட்கார வைத்திருந்தபோதே, சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பில்லின் பின்பக்கம் வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தார். நாற்காலிக்கும் பலகைக்கும் நடுவே எத்தனை அடி என்று செருப்புக் காலால் அளந்தும் வைத்திருந்தார். வீட்டில் போன வருஷத்து சர்ச் காலண்டரின் அட்டை கிடந்தது. தாள் எல்லாம் கிழித்தாகிவிட்டது, மேய்ப்பனும் ஆடுகளும் உள்ள படம் மட்டும் மிச்சம். அதைத் திருப்பிப் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கரால் ட, ப, ம என்று பெரிதில் தொடங்கி, கீழே போகப்போகச் சிறிதாக ஏழு வரி எழுதினார். ஹாலில் ஃப்ரிட்ஜுக்கு மேலே ஆணியில் நூல் கட்டித் தொங்கவிட்டார். அளந்து பார்த்ததில் சமையலறை வாசற்படியில் நின்றால் கணக்கு சரியாக இருந்தது.

ஒவ்வொரு ஞாயிறும் சர்ச் முடிந்து வந்து, சாப்பிடுவதற்கு முன்னால் சோதனை. அவள் வாசற்படியில் நின்று ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படிப்பாள். பிறகு மற்ற கண்ணை. ஏழு வரியும் தடங்கல் இல்லாமல் வரும். முதல் வாரமும் வந்தது, நாலாவது வாரமும் வந்தது, ஒரு மாதக் கெடு தாண்டியும் வந்தது. தேவானந்தத்துக்கு அப்படி ஒரு திருப்தி. டாக்டரம்மா கொடுத்த சீட்டை மடித்து மேஜைக் காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

கண் நன்றாக இருக்கிறது என்று ஆனபிறகு அவசரம் எதற்கு. ஆகஸ்டில் மும்பை மழையில் மிதக்கும், ஹெப்சிக்கு என்ன தெரியும் என்று பயணத்தைத் தள்ளினார். பிப்ரவரியில் அந்த நாடகம் மறுபடி வருகிறது என்று ஹெப்சி சொன்னாள். சரி, பிப்ரவரி.

திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச முடியாது. போனில் டிக்கெட் எடுப்பதை நம்பவில்லை. தாம்பரம் ஸ்டேஷன் கவுண்டரில் தானே வரிசையில் நின்று, இரண்டும் கீழ்ப் படுக்கையாக வாங்கினார். நாடகத்துக்குக் கவுண்டர் கிடையாது, எல்லாம் போனில்தான் என்று தெரிந்ததும் ஹெப்சியை நேரில் அனுப்பினார். அவள் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய், முன்வரிசையில் அந்த இரண்டு சீட்டிலும் உட்கார்ந்து பார்த்து, தூண் மறைக்கவில்லை என்று சொன்ன பிறகுதான் சரி என்றார். சீட்டு வரைபடத்தை கேம்ப் ரோடு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் போட்டு, இரண்டு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டு சரோஜினியிடம் கொடுத்தார். அவள் விரலால் தடவிப் பார்த்துவிட்டு நல்லா இருக்கு என்று பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

அந்த மாதங்களில் காபி டம்ளருக்கு வெளியே ஊற்றியது. ரசத்தில் இரண்டுதரம் உப்பு விழுந்தது. ஒருநாள் ஊசியில் நூல் கோத்துக் கொடுங்கள் என்று அவரிடமே நீட்டினாள். இருபத்தாறு வருஷம் என்னத்தைத் தைத்தாய் என்று கிண்டல் செய்துகொண்டே கோத்துக் கொடுத்தார். வண்டியாக இருந்தால் ஒரு சின்னச் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடித்திருப்பார்.

ஜனவரியில் மூன்றாவது ஞாயிறு. கரண்ட் போய் அப்போதுதான் வந்திருந்தது, ஃபேன் முழு வேகத்தில் சுற்றியது. சரோஜினி வழக்கம்போல வாசற்படியில் நின்று இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். ட, ப, ம. அடுத்த வரி. அதற்கடுத்தது. தேவானந்தம் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது வரியில் என்னவோ தோன்றி, சரிபார்க்கத் திரும்பினார்.

காற்றில் அட்டை திரும்பியிருந்தது. ஆணியில் தொங்கியது மேய்ப்பனும் ஆடுகளும். எழுத்து சுவர்ப் பக்கம் இருந்தது.

அவள் ஆறாவது வரியைப் படித்தாள். ஏழாவதையும் படித்தாள். முடித்துவிட்டுக் கையைக் கண்ணிலிருந்து எடுத்து, அடுத்த கண் என்றாள்.

தேவானந்தம் நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தினி நாளா?"

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. "மொத வாரத்துலயே கீழ மூணு வரி தெரியல. அட்டையத் தொடைக்கிறப்ப கிட்டத்துல வெச்சுப் பாத்து மனப்பாடம் பண்ணிட்டேன்."

மனப்பாடம் அவளுக்குப் பெரிய வேலையா? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை மனப்பாட வசனப் போட்டிக்குத் தயார் செய்து வருஷாவருஷம் கோப்பை வாங்கிக்கொண்டு வந்தவள். சர்ச்சில் இத்தனை மாதம் பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அத்தனையும் மனப்பாடமாகத்தான் பாடியிருக்கிறாள்.

"ஏன் சொல்லல?"

"கண்ணு போனா மும்பை இல்லன்னீங்க."

"கண்ணு நல்லாகீதுன்னுதான்டி நான் தள்ளிப் போட்டேன்."

"நீங்க தள்ளுவீங்கன்னு எனக்குத் தெரியுமா?"

சோறு ஆறிப்போனது.

மறுநாள் அதே டாக்டரம்மாவிடம் போனார்கள். அவள் திட்டுவாள் என்று தேவானந்தம் எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பழைய ஃபைலில் தேதியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள், பிறகு ஃபைலை மூடினாள். வலது கண் போய்விட்டது. இடதில் வெளிச்சம் தெரியும், ஆள் நின்றால் நிழல் மாதிரி தெரியும். இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது திரும்பாது. ஊசியை அன்றைக்கே போட்டார்கள். இந்தத் தடவை அவர் எதையும் கேட்கவில்லை. கையெழுத்து போடு என்ற இடத்தில் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, ரயில் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குக் கிளம்பினார். செருப்புச் சத்தத்திலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"கேன்சல் பண்ணாதீங்க. போலாம்."

"போயி?"

"நீங்க பக்கத்துல உக்காந்து சொல்லுங்க. நான் கேட்டுக்கிறேன்."

வாழ்நாளில் அவர் யாருக்கும் எதையும் வர்ணித்தவர் இல்லை. டிப்போவில் அவர் ரிப்போர்ட் எல்லாம் ஒரே வார்த்தை. போகலாம், இல்லாவிட்டால் நிறுத்து.

"எனக்கு வராது."

"அந்த அட்டையில படம் இருக்குல்ல, அதச் சொல்லுங்க பாப்போம்."

அவர் அட்டையைப் பார்த்தார். "ஆளு ஒருத்தரு. கையில தடி. ஆடு நாலு."

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"ரெண்டு மணி நேர நாடகம். ஆளு ஒருத்தரு, ஆடு நாலுன்னா நான் என்னத்தப் பாக்குறது" என்று சொல்லிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார்.

தேவானந்தம் செருப்பைக் கழற்றிவிட்டு அட்டைக்குக் கிட்டத்தில் போய் நின்றார். இரண்டு வருஷமாக வீட்டில் கிடக்கிற அட்டை. ஆடு நாலு இல்லை, ஐந்து. பாறைக்குப் பின்னால் ஒன்று கால் மடங்கிக் கிடந்தது, தலை மட்டும் வெளியே. மேய்ப்பன் மற்ற நாலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இதை எப்படிச் சொல்வது என்று அவர் வார்த்தை தேடினார்.

உள்ளே சரோஜினி அடுப்பு மேடையில் கையால் தடவி லைட்டரைத் தேடிக்கொண்டிருந்தாள். அது அவள் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது.