சோபாவுக்குள் எறும்பு

சாப்பாட்டு மேசையில் சோபாக்காரருக்கு முன்னால் ஒரே ஒரு டம்ளர் இருந்தது. புரத மாவு கலக்கிய பால். மாவு சரியாகக் கரையாமல் சின்னச் சின்ன உருண்டைகளாக மேலே மிதந்தது. ஆறு நாற்காலி போட்ட மேசையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.

"ஒரே மடக்குல குடிக்காதேடா. கொஞ்சம் கொஞ்சமா குடிக்கணும்னு சொல்லியிருக்காங்க இல்ல?" என்று கூடத்திலிருந்து குரல் கொடுத்தாள், தம்பியைக் கவனித்துக்கொள்ள வந்து தங்கியிருந்த அக்கா. தம்பியின் முதுகைப் பார்த்தே அவன் எப்படிக் குடிக்கிறான் என்று சொல்லக்கூடியவள் அவள்.

"சரிக்கா."

"அது கிடக்கட்டும், உங்க வீட்டு எறும்புக்கு என்மேல என்ன அவ்வளவு பாசம்? ராத்திரி பூரா காலைச் சுத்திச் சுத்தி வருது. பெத்த பிள்ளைங்க கூட இப்படி என்னைத் தேடி வந்ததில்லை."

சோபாக்காரர் சிரிக்கவில்லை. அக்கா படுத்துக்கொள்வது கூடத்துச் சோபாவில். அந்தச் சோபாவைச் செய்தவர் அவர்தான்.

கிழிந்த சோபாக்களைப் பிரித்து, ஸ்பிரிங் மாற்றி, பஞ்சு திணித்து, புதுத் துணி போர்த்திக் கொடுப்பது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் 'சோபா'தான். தொழிலை வைத்து வந்த பெயர் என்று அவர் சொல்லிக்கொள்வார். உடம்பை வைத்து வந்த பெயர் என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் உட்கார இடம் செய்து கொடுப்பவர், நாலு பேர் கூடும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைக் கண்டால் சுவரோரமாகப் போய் நின்றுகொள்வார். கேட்டால், "நாள் பூரா உக்காந்துதானே வேலை பாக்கறேன், கொஞ்சம் நிக்கறேனே" என்பார்.

சர்க்கரை ஏறிக்கொண்டே போனது. முழங்கால் மடங்க மறுத்தது. எல்லாவற்றையும்விட மோசம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மனைவி பக்கத்தில் கண்ணை மூடாமல் படுத்திருந்து, மூச்சு நின்றதும் தோளைத் தட்டுவாள். பல மாதங்களாக அவள் ஒரு முழு இரவு தூங்கியதில்லை. கடைசியில் டாக்டர், வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சைதான் வழி என்றார். அதற்கு முந்திய இரண்டு வாரமும் திரவ உணவு மட்டும்.

மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருந்த பெண் அதைப் பொறுமையாக விளக்கியிருந்தாள். "உங்க ஈரல்ல கொழுப்பு சேர்ந்து அது வீங்கியிருக்கு. வயித்துக்கு மேலே மூடி மாதிரி கிடக்கும். வெறும் திரவமா சாப்பிட்டா அது சுருங்கி வழிவிடும். சுருங்கலைன்னா, டாக்டரால உள்ளே எதையும் சரியா பாக்க முடியாது. அது உயிருக்கே ஆபத்து. அதனால இடையில ஏதாவது சாப்பிட்டுட்டா எங்கிட்ட சொல்லிடுங்க. நான் திட்டமாட்டேன். மறைக்க மட்டும் செய்யாதீங்க."

மறைப்பது. அந்த ஒரு வித்தையைத்தான் அவர் சின்ன வயதிலிருந்து கற்றுத் தேர்ந்திருந்தார்.

சிறுவனாக இருந்தபோதே அவர் தட்டுக்குக் காவல் இருந்தது. "இன்னொண்ணா?" என்பாள் அக்கா. "வயிறா, சாக்கா?" என்பார் ஒரு மாமா. சொன்னவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிட்டார்கள். அவர் மறக்கவில்லை. எல்லோர் எதிரிலும் அணில் கொறிக்கிற மாதிரி கொறித்துவிட்டு எழுந்துகொள்ளவும், பிறகு யாரும் இல்லாத இடத்தில் ருசிகூடத் தெரியாத வேகத்தில் விழுங்கவும் பழகிக்கொண்டார். கல்யாணமான பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டுக்கென்று சோபா செய்தபோது, அடித்துணியில் ஒரு ஓரத்தை மட்டும் ஆணி அடிக்காமல், பிரித்துப் பிரித்து ஒட்டும் பட்டை வைத்துத் தைத்தார். உள்ளே ஸ்பிரிங்குகளுக்கு நடுவே ஒரு கை நுழையும் இடம். பிஸ்கட் பாக்கெட்டுகளுக்கு அது போதும்.

முதல் வாரம் நன்றாகத்தான் போனது. பசி வந்தபோது மனைவி வடிகட்டிக் கொடுத்த சூப்பைக் குடித்தார். தலை சுற்றியபோது கடவுளை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒருநாள் மதியம் அக்கா யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது.

"ஆமாமா, வெறும் தண்ணிதான். எங்க, இவனா தாங்குவான்? எனக்குத் தெரியாதா இவனை? பாக்கத்தானே போறோம்."

அக்கா கடைக்குப் போனதும் அவர் சோபாவுக்கு முன்னால் மண்டியிட்டார். கை தானாக உள்ளே போனது. ஒரு பாக்கெட் முழுதும் தீர்ந்த பிறகுதான் என்ன செய்தோம் என்பதே உறைத்தது. மறுநாளும் கை போனது. அதற்கு மறுநாளும்.

சிகிச்சைக்கு முன் கடைசிப் பரிசோதனைக்கு மருத்துவமனைக்குப் போனார். "இடையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று உணவு ஆலோசகர் கேட்டாள்.

"இல்லம்மா."

"ஒண்ணுமே?"

"ஒண்ணுமே."

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை காலை வந்து சேர்ந்துவிடச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது கூடத்தில் யாரும் இல்லை. அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். கை கழுவலாம் என்று பின்பக்கம் துணி துவைக்கும் இடத்துக்குப் போனார். வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய மகள் குந்தியிருந்தாள். எட்டாவது படிக்கிறவள். அப்பாவைக் கண்டதும் தட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் இழுத்தாள். புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"ரெண்டே ரெண்டு ரொட்டிதான்ப்பா."

அவர் ஒன்றும் கேட்கவே இல்லை.

"இங்க ஏம்மா உக்காந்திருக்கே?"

"அத்தைதான் சொன்னாங்க. உங்க கண்ணுல சாப்பாடு படக்கூடாதாம். அம்மாகூட அடுப்படிக் கதவைச் சாத்திட்டுத்தான் சாப்பிடறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அப்புறம் என்னையும் பாத்துச் சாப்பிடச் சொன்னாங்க. இல்லாட்டி உங்களை மாதிரி ஆயிடுவேனாம். இங்கன்னா யாரும் பாக்க மாட்டாங்கப்பா. நல்லாயிருக்கு."

நல்லாயிருக்கு. அந்தச் சொல்தான் அவரைக் குத்தியது. அந்தச் சுகம் அவருக்குத் தெரியும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரியும். தன் மூக்கையும் நெற்றியையும் மகள் வாங்கிக்கொண்டாள் என்று பெருமைப்பட்டவர், வாயைத் துடைக்கும் அந்தக் கையையும் வாங்கிக்கொண்டாள் என்பதை இன்றுதான் பார்த்தார்.

"எந்திரி கண்ணு. தட்டை எடுத்துக்கிட்டு மேசைக்கு வா."

"அத்தை திட்டுவாங்கப்பா."

"திட்டமாட்டாங்க. வா."

மனைவியையும் கூப்பிட்டார். அக்காவும் ஈரத்தலையோடு வந்து நின்றாள். எல்லோரும் பார்க்க, அவர் மருத்துவமனையில் அந்த உணவு ஆலோசகருக்குப் போன் போட்டார்.

"அம்மா, காலையில வந்தேனே, சோபா வேலை செய்யறவன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். மூணு நாளா பிஸ்கட் சாப்பிட்டேன். பாக்கெட் பாக்கெட்டா."

மறுமுனையில் அவள் நிதானமாகச் சொன்னாள். "நல்ல வேளை, இப்பவாவது சொன்னீங்க. நான் டாக்டர்கிட்ட பேசறேன். தேதி தள்ளிப் போகும், அவ்வளவுதான். மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிப்போம். நீங்க தோத்துட்டதா நினைக்காதீங்க. இந்தப் போன் பண்றதுக்குத்தான் நிறைய பேருக்குத் தைரியம் வராது."

அவர் போனை வைத்தார். மனைவி நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று அக்கா ஆரம்பித்தாள். "இவனால முடியாதுன்னு நான் அப்பவே..."

"அக்கா, கொஞ்சம் இங்க வா."

அவர் கூடத்துக்குப் போய்ச் சோபாவைப் பின்பக்கமாகச் சாய்த்தார். மூச்சு வாங்கியது. பட்டையைப் பிடித்து இழுத்தார். பர்ரென்று பிரிந்தது. உள்ளேயிருந்து காலிப் பிஸ்கட் உறைகள் சரிந்து விழுந்தன. சில புதியவை, பல நிறம் வெளுத்தவை. அவற்றைச் சுற்றி எறும்புகள் சாவகாசமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

"இதுங்களுக்கு உன்மேல பாசமில்லக்கா. இதுக்குத்தான் வந்துச்சுங்க."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"வீட்டுக்குள்ளேயே திருடன் மாதிரி தின்னிருக்கேன்க்கா. பசிக்காக இல்லை. நீங்கல்லாம் பாக்கும்போது தின்னா ஒவ்வொரு வாய்க்கும் யாராவது ஒரு பேச்சு. யாரும் பாக்காதப்ப தின்னா எப்ப நிறுத்தறதுன்னு எனக்கே தெரியலை. நான் தின்னதுக்கு நான்தான் பொறுப்பு, உன்மேல பழி போடலை. ஆனா அங்க பாரு." மகளைக் காட்டினார். "இவ இன்னிக்கு வாஷிங் மெஷினுக்குப் பின்னால உக்காந்து தின்னுக்கிட்டிருந்தா. நான் தொடங்கின அதே வயசு."

அக்கா குனிந்து ஓர் உறையை எடுத்தாள். அதை விரலால் நீவி நீவி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாவுக்கும் உன் உடம்புதானேடா. மூச்சு வாங்கி மாடிப்படியில உக்காந்தவரு எந்திரிக்கவே இல்லியே," என்றாள் மெல்ல. "உன்னைப் பாக்கறப்பல்லாம் எனக்கு அந்தப் படிதான் ஞாபகம் வரும். பயத்துல வாய்க்கு வந்ததைச் சொல்லிடுவேன். சொன்னா நீ குறைச்சுக்குவேன்னு நினைச்சேன்."

"அண்ணி, பயமா இருக்குன்னே சொல்லியிருக்கலாமே," என்றாள் மனைவி. "அது அவருக்குப் புரிஞ்சிருக்கும்."

அக்கா துடைப்பத்தை எடுத்து வந்து எறும்புகளை அடிக்காமல் வெளியே தள்ளத் தொடங்கினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்படிக் கதவு திறந்தே இருந்தது. நால்வரும் மேசையில் உட்கார்ந்தார்கள். மூன்று தட்டு, ஒரு சூப் கிண்ணம். பிறர் சாப்பிடுவதைப் பார்த்தால் ஏக்கமாக இருக்கும் என்று சோபாக்காரரும் பயந்துதான் இருந்தார். ஏக்கம் இருந்தது. ஆனால் பேச்சுத் துணையோடு குடித்த அந்தச் சூப், பதுங்கித் தின்ற பிஸ்கட்டைப்போல நெஞ்சில் நிற்கவில்லை.

மகள் இன்னொரு ரொட்டிக்குக் கை நீட்டினாள். அக்காவின் உதடு பழக்கதோஷத்தில் அசைந்தது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் ரொட்டித் தட்டை மகள் பக்கம் நகர்த்திவிட்டு, "பள்ளிக்கூடத்துல இன்னிக்கு என்னடி ஆச்சு? மூஞ்சி வாடியிருக்கே," என்றாள்.

மகள் சொல்ல ஆரம்பித்தாள். அது நீளமான கதை. ஒரு சிநேகிதியோடு சண்டை. சொல்லி முடிக்கும்போது அந்த ரொட்டியில் பாதி தட்டிலேயே இருந்தது.

தள்ளிப்போட்ட தேதியும் வந்தது. மருத்துவமனைப் படுக்கையில் சோபாக்காரர் பச்சை அங்கியோடு உட்கார்ந்திருந்தார். உணவு ஆலோசகர் வந்து அதே கேள்வியைக் கேட்டாள்.

"இடையில ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்லம்மா," என்றார் அவர், அவள் கண்ணைப் பார்த்து. "ஒருநாள் ரொம்ப ஆசையா இருந்துச்சு. வீட்டுல எல்லார்கிட்டயும் சொன்னேன். கூட உக்காந்து பேசிக்கிட்டிருந்தாங்க. போயிடுச்சு."

அவள் சிரித்தாள். "ஸ்கேன்ல ஈரல் நல்லா சுருங்கியிருக்கு. டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம்." பக்கத்தில் நின்ற அக்காவைப் பார்த்து, "நல்லா காவல் காத்திருக்கீங்க போல," என்றாள்.

"காவல் காத்ததாலதாம்மா இத்தனை வருஷம் கெட்டுது," என்றாள் அக்கா. தம்பியின் நெற்றியில் கைவைத்து, ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கடவுளை வேண்டிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது அது கலங்கியிருந்தது. "குத்திக்காட்டினா யாரும் இளைக்கிறதில்லை. ஒளிஞ்சுக்கத்தான் செய்யறாங்க. ஒருத்தரோட தட்டை எட்டிப் பாக்கறதுக்கு முன்னாடி அவங்க முகத்தைப் பாக்கணும். எனக்கு அது இவ்வளவு வயசுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது."