அவர் சொன்ன ஸ்கோர்

பிக்கிள்பால் ஆடினால் உடம்புக்கு நல்லது என்று யார் சொன்னாலும் நான் மறுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் எட்டு மாதம் ஆடினார். சர்க்கரை இறங்கியது. முழங்கால் வலி பாதியானது. படுத்தால் விடியும் வரை தூங்கினார். அறுபத்தோரு வயதில் புதிதாக மூன்று சிநேகிதர்கள் கிடைத்தார்கள். அந்த மூன்று பேரையும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. என்னையும்தான்.

அவருக்கு மருந்துக்கடை. முப்பது வருஷமாக அதே நாற்காலி, அதே கண்ணாடி அலமாரி. போன வருஷம் மறதி ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஆரம்பம்தான். வீட்டுலயே முடங்க விடாதீங்க. நாலு பேரோட ஓடியாடி ஏதாவது விளையாடட்டும்" என்றார். கடை என்ன ஆவது என்று கேட்டேன். "இப்போதைக்கு உக்காரலாம். நம்பர் குழம்ப ஆரம்பிச்சா அன்னிக்கே நிறுத்திடணும். மருந்து விஷயம்மா" என்றார்.

அப்படித்தான் சமூகக் கூடத்துக்குப் போனோம். பேரைக் கேட்டதும் இது ஆடுவதா சாப்பிடுவதா என்று நான் கேட்டேன். கைக்கு அடக்கமான மட்டை, ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் பந்து, பாட்மின்டன் ஆடுகிற அளவுக்கு இடம். வலையை ஒட்டிய பட்டைக்குக் கிச்சன் என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தைத் தொடக்கூடாது. கிச்சனுக்குள் கால் வைக்காதே என்ற சட்டம் மட்டும் என் வீட்டுக்காரருக்கு முதல் நாளே மனப்பாடமாகிவிட்டது.

இன்னொரு சட்டமும் உண்டு. பந்து போடுகிறவர் முதலில் மூன்று நம்பர்களை உரக்கச் சொல்ல வேண்டும். தன் பக்கத்துப் பாயிண்ட், எதிர்ப் பக்கத்துப் பாயிண்ட், அந்த ஜோடியில் தான் முதலில் போடுகிறவரா இரண்டாவதா என்பது. இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை உதித்தது. தினம் காலையில் மூன்று நம்பர்களைச் சரியாகச் சொல்கிறவர், கடையில் மாத்திரையையும் சரியாகத்தான் எடுத்துக் கொடுப்பார். இதைவிடப் பெரிய பரீட்சை வேறென்ன வேண்டும்?

எனக்குப் பள்ளிக்கூட ஆபீஸில் வேலை. ஏழு மணிக்கே கிளம்பியாக வேண்டும், கூட இருந்து பார்க்க முடியாது. அதனால் வாரா வாரம், அவரோடு ஆடுகிற வாத்தியாருக்குப் போன் போடுவேன். அரை மார்க்கைக்கூடக் கை நடுங்காமல் குறைத்தவர் என்று பேர் வாங்கிய கணக்கு வாத்தியார் அவர். "ஸ்கோர் எல்லாம் சரியா சொல்றாரா சார்?" என்பேன். "ஒரு தப்பு இல்லம்மா. பிரமாதமா ஆடுறார்" என்பார். எதற்குக் கேட்கிறேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. என் புருஷனுக்கு மூளையில் நோய் என்று ஊரார் வாயில் விழ எனக்கு இஷ்டமில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி எட்டு மாதம் அவரைக் கடையில் உட்கார வைத்தேன்.

போன மாதம் பள்ளிக்குத் திடீரென்று ஒருநாள் லீவு விட்டார்கள். சும்மா பார்த்துவிட்டு வரலாமே என்று போய் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்தேன். இவரும், பஸ் டிரைவராக இருக்கும் ஒரு தம்பியும் ஒரு பக்கம். வாத்தியாரும் பல் டாக்டரம்மாவும் எதிரே. பழக்கதோஷம், நானும் மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தேன். இவர்களுக்கு நாலு, அவர்களுக்கு ஆறு, இவர்தான் முதலில் போடுகிறவர்.

"ஏழு, மூணு, ரெண்டு" என்றார் இவர், கணீரென்று.

"சரி, போடுங்க" என்றார் வாத்தியார். டாக்டரம்மா தலையாட்டினார். டிரைவர் தம்பி மட்டையைத் தூக்கிக்கொண்டு தயாராக நின்றான். ஒருத்தர் முகத்திலும் ஒரு சுருக்கம் இல்லை. அடுத்த முறை அவர் "ரெண்டு, ஒம்போது, ஒண்ணு" என்றார். அதற்கும் சரி.

"தப்பு!" என்று நான் கத்திவிட்டேன்.

பந்து உருண்டு சுவரோரம் போய் நின்றது. வாத்தியார் என்னிடம் ஓடி வந்து குரலைத் தாழ்த்தினார். "மழைக்காலத்துலேருந்தே இப்படித்தாம்மா. திருத்தினா மனுஷன் முகம் செத்துப்போயிடுது. அதான் நாங்க மூணு பேரும் பேசி வச்சுக்கிட்டோம், அவர் சொல்றதுதான் ஸ்கோர்னு. விளையாட்டுதானே?"

"என்கிட்ட ஏன் சார் பொய் சொன்னீங்க?"

"நீங்க ஆசையா கேட்டீங்க. சந்தோஷப்படட்டுமேன்னு…"

அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். நான் நோயை மறைத்தேன், அவர்கள் தப்பை மறைத்தார்கள். இதில் யாரை என்ன சொல்லித் திட்டுவது?

இவர் பெஞ்சில் வந்து உட்கார்ந்து, குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தார். மற்றவர்கள் தள்ளிப் போய் நின்றார்கள்.

"இவங்க விட்டுக்கொடுக்கிறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"கடையில?"

கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "கடையில யார் விட்டுக்கொடுப்பா? போன வாரம் ஒரு குழந்தைக்குப் பெரியவங்க மாத்திரையை எடுத்துக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணு வாசல் வரைக்கும் போயிட்டு, என்னமோ தோணி அட்டையைத் திருப்பிப் பார்த்துச்சு. அதனால தப்பிச்சோம்."

"இனிமே கடை வேண்டாங்க" என்றேன்.

"சரிம்மா" என்றார் உடனே.

சண்டை பிடிப்பார், கத்துவார் என்று நினைத்திருந்தேன். அவர் சரி என்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "இவ்வளவு நடந்திருக்கு, ஏங்க என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"நானா வாயைத் திறந்து சொல்ல தைரியம் வரலை. நீ கேட்டா சொல்லிடலாம்னு தினமும் காத்துட்டு இருந்தேன்" என்றார். "நீ வாத்தியாரைத்தானே கேட்டே."