நூற்றுப் பதினேழு யூனிட்

சபையில் எல்லோருக்கும் அவர் மீட்டர் மாமா. மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாகப் போய் ரீடிங் எடுத்தவர். ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் போவது மீட்டர் பெட்டிக்குத்தான், மனுஷர் முகமெல்லாம் அப்புறம். அத்தனை வருஷத்தில் ஒரு எண்ணைக்கூட அவர் மாற்றி எழுதியதில்லை. வீடு பூட்டிக் கிடந்தால் ‘பூட்டியிருக்கிறது’ என்று எழுதிவிட்டு மறுநாள் திரும்பப் போவார். மற்ற ரீடர்களைப் போலக் குத்துமதிப்பாக ஒன்றைப் போட்டுவிட்டு டீக்கடைக்கு நடையைக் கட்டமாட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும், பெருமைப்பட்டுக்கொள்ள அவரிடம் வேறென்ன இருந்தது?

மனைவி போய் இரண்டு வருஷமாகிறது. அந்த அம்மாளுக்கு ஒரு பழக்கம், எந்த அறைக்குப் போனாலும் விளக்கைப் போடுவாள், வரும்போது அணைக்கமாட்டாள். இவர் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு வருவார். “ஆளில்லாத ரூமுக்கு எதுக்குடி லைட்டு?” என்று நாளைக்கு நாலு தடவை கத்துவார். அவள் போனபிறகு கத்த வேலையில்லை. மூன்று அறை வீட்டில் எரிவது சமையலறை விளக்கு ஒன்றுதான், சுற்றுவது ஒரு ஃபேன்தான். ஒரே மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். வாரம் ஒருமுறை பேசுவாள். “இந்த வருஷம் லீவு கிடைக்காதுப்பா, அடுத்த வருஷம் பிள்ளைங்களோட கண்டிப்பா வர்றோம்” என்பாள். இரண்டு வருஷமாக அதே பாட்டுத்தான்.

போன மழைக்காலத்தில் ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்து வழிபாட்டுக் கூடத்துக்குள் புகுந்தது. இடுப்பளவு தண்ணீர். அதற்கு முந்தைய கோடையில் வெயில் தாங்காமல் வழிபாட்டின் நடுவிலேயே இரண்டு பேர் மயங்கி விழுந்திருந்தார்கள். சேறு அள்ளி முடித்த வாரம் போதகர் சுவரில் தண்ணீர் நின்ற தடத்தைக் காட்டிப் பேசினார். “ஆண்டவர் நமக்குக் குடியிருக்கக் குடுத்த வீடுங்க இந்தப் பூமி. நாமளே அதைச் சூடேத்திக்கிட்டு, நாமளே அவர்கிட்ட மழையைக் குறைங்கன்னு கேட்டா என்ன நியாயம்?” என்றார். கூடத்தின் ஏசி இரண்டையும் அன்றைக்கே கழற்றிவிட்டார்கள். ஏசி போனதும் பிரசங்கம் பாதியாகக் குறைந்தது. சும்மா சொல்லக் கூடாது, அதனாலேயே வழிபாட்டுக்குக் கூட்டம் கூடியது.

அடுத்து வந்ததுதான் ‘ஒரு விளக்கு வீடு’ திட்டம். யோசனை சபைச் செயலாளருடையது. அவர் பல் டாக்டர், வலிக்காது வலிக்காது என்று சொல்லியே காரியத்தை முடித்துவிடுகிற அம்மாள். அதிகம் மின்சாரம் செலவழிக்கும் வீடுகளை மும்மூன்றாகச் சேர்த்து ஒரு குழு. சாயங்காலம் ஆறிலிருந்து ஒன்பது வரை மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் இருக்க வேண்டும். மற்ற இரண்டு வீட்டிலும் மெயின் சுவிட்சை இறக்கிவிட வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே கூடம், பிள்ளைகளுக்குப் படிக்க ஒரே மேஜை. கடைசியில் ஒரு சின்ன ஜெபம், அவ்வளவுதான். மாதம் எண்பது யூனிட்டைத் தாண்டுகிற வீடுகளுக்குத்தான் குழு. ஒவ்வொரு மாதமும் ரீடிங் பார்த்துப் புதிய பட்டியல் போடுவார்கள். ரீடிங் எடுக்க ஆள் யார்? மீட்டர் மாமாவை விட்டால் வேறு யார்!

முதல் மாத ரீடிங்கை டாக்டரம்மா சபையில் வாசித்தார். நூற்று நாற்பது, நூற்றெழுபது, தையல்காரர் வீட்டில் இருநூற்றுப் பத்து. தையல்காரர் தலையைச் சொறிந்தார். கடைசியாக மீட்டர் மாமா வீடு, பத்தொன்பது.

“பத்தொன்பது! கேட்டீங்களா? ஒரு மாசம் முழுக்கப் பத்தொன்பதே யூனிட். மாமாவைப் பாத்து நாமெல்லாம் கத்துக்கணும். கை தட்டுங்க!”

கூடம் அதிரக் கை தட்டினார்கள். மாமா எழுந்து நின்று கும்பிட்டார். எப்படி மாமா முடிகிறது என்று பக்கத்தில் இருந்தவர் கேட்டதற்கு, “பழக்கம்தான்” என்றார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாருக்கும் முடியும் என்பது நாக்கு நுனிவரை வந்தது, முழுங்கிவிட்டார். குழுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. “உங்களுக்கு எதுக்கு மாமா குழு? நீங்கதான் ஏற்கெனவே பாஸ் ஆயிட்டீங்களே” என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்.

அதற்கப்புறம்தான் அவருக்குச் சாயங்காலங்கள் கொடுமையாயின. முன்பெல்லாம் தெருவில் எல்லா வீட்டிலும் ஆள் இருப்பார்கள், அவரவர் ஜன்னலில் அவரவர் வெளிச்சம். அவர் வீடும் அதில் ஒன்று. இப்போது ஆறு மணிக்கு வீடு வீடாக விளக்கு அணையும். பெரியவர்கள் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டும் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். தெருக்கோடி வீட்டிலிருந்து அத்தனை பேரின் சிரிப்பும் சேர்ந்து வரும். ஒருநாள் மாமா அந்த வாசல் வரைக்கும் போனார். உள்ளே தையல்காரர் ஏதோ நடித்துக் காட்ட, டாக்டரம்மாவின் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா மீட்டரைப் பார்ப்பதுபோல ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார்.

வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்பீர்கள். முப்பத்தொரு வருஷம் ஊரார் வாசலில் நின்ற மனுஷர், ஒருநாளும் உள்ளே போய் ஒரு வாய் தண்ணீர் கேட்டதில்லை. மீட்டர் இருப்பது வாசலில், வேலையும் வாசலோடு முடிந்தது. இந்த வயதில் போய், என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று எப்படிக் கேட்பது? அதுவும் சபையே சேர்ந்து கை தட்டிய பிறகு?

எண்பதைத் தாண்டினால் குழு. அது அவர் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. ரீடிங் எழுதுவதே அவர்தான். பத்தொன்பதுக்குப் பதிலாகத் தொண்ணூறு என்று கிறுக்கினால் முடிந்தது, யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? வேறொருவராக இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். அந்த நினைப்பு வந்ததற்கே மாமாவுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஓடாத மீட்டருக்கு எண் போடுவதா? செத்தாலும் நடக்காது. ஆகவே மீட்டரை ஓட வைப்பது என்று முடிவு செய்தார்.

கணக்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. மின் அடுப்பில் இரண்டு மணி நேரம் வெந்நீர் கொதித்தால் இரண்டு யூனிட். எட்டு பல்பு, மூன்று ஃபேன், டிவி, எல்லாம் சேர்ந்தால் இன்னொன்றுக்கு மேல். முதல் நாள் ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டிக்கொண்டு போனார். ஆறு கரை உடைத்த ஊரில் இருந்துகொண்டு செய்கிற காரியமா இது? “ஆண்டவரே, உங்க வீட்டைத்தான் சூடு பண்றேன், தெரியுது. ஒரே ஒரு மாசம். லிஸ்ட்ல பேர் வந்ததும் நிறுத்திடறேன்” என்று வாய்விட்டே சொன்னார். மனைவியின் அறையிலும் விளக்கைப் போட்டார். யாருமில்லாத அறையில் விளக்கு எரிய விட மனசு கேட்கவில்லை. அதனால் ஒவ்வொரு அறையிலும் அரைமணி நேரம் மாறி மாறிப் போய் உட்கார்ந்தார். ஆளில்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதில்லையா! அந்த ஒரு மாதமும் அவருக்கு ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை, பாவம்.

மாதக் கடைசியில் ஊரெல்லாம் ரீடிங் எடுத்துவிட்டுத் தன் வீட்டுக்கு வந்தார். நூற்றுப் பதினேழு. இரண்டு தடவை பார்த்துவிட்டு, வழக்கம்போல அழுத்தமாக எழுதினார்.

வழிபாடு முடிந்து டாக்டரம்மா பட்டியலைப் பிரித்தபோது மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தையல்காரர் வீடு நூற்றுப் பத்துக்கு இறங்கியிருந்தது, அதற்கு ஒரு கைதட்டல். இந்தத் தடவையும் மாமா பெயர்தான் கடைசி.

“மாமா வீடு…” டாக்டரம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். “நூத்துப் பதினேழா? மாமா, சரியா எழுதினீங்களா?”

“சரியாத்தாம்மா எழுதியிருக்கேன்.”

டாக்டரம்மாவின் முகம் ஒரு வினாடி குழம்பியது. அப்புறம் பளிச்சென்று மலர்ந்தது. “அடடே! மக வந்தாச்சா? பேரப்பிள்ளைங்களும் வந்திருக்காங்களா? சொல்லவே இல்லயே மாமா நீங்க!”

கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. போன மாதத்தைவிடப் பலமாகக் கை தட்டினார்கள். “அதான் போன வாரம் எல்லா ரூம்லயும் லைட்டு எரிஞ்சுது, நான் பாத்தேன்” என்றார் தையல்காரர். “பேரன் பேத்தி வந்தா லைட்டு எரியத்தானே செய்யும்? எரியட்டும் மாமா!” என்றது ஒரு குரல். எல்லார் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம், தங்கள் வீட்டுக்கே யாரோ வந்ததுபோல. இல்லை என்று சொல்ல மாமா வாயைத் திறந்தார். வந்த வார்த்தை என்னவோ வேறு.

“ஆமா… வந்திருக்காங்க” என்றார்.

“அப்ப அவங்க இருக்குறவரைக்கும் மாமாவைக் குழுவுல போட வேணாம். குடும்பத்தோட நிம்மதியா இருக்கட்டும்” என்று டாக்டரம்மா பட்டியலை மடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டார் மாமா. முப்பத்தொரு வருஷம் காப்பாற்றிய நாக்கு ஒரு நொடியில் புரண்டுவிட்டது. கிடைத்ததும் ஒன்றுமில்லை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டுப் படுக்கலாம் என்று பார்த்தால் அதற்கும் வழியில்லை. பிள்ளைகள் வந்திருக்கிற வீடு இருட்டிக் கிடந்தால் தெரு என்ன பேசும்? எழுந்து ஒவ்வொன்றாகப் போட்டார். அடுத்த ரீடிங் குறைந்தால் சந்தேகம் வருமே என்று டிவியையும் மின் அடுப்பையும் போட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு வாசலில் ஒரே சத்தம். கதவைத் திறந்தால் டாக்டரம்மா, அவர் வீட்டுக்காரர், தையல்காரர் குடும்பம், அவர்களோடு சின்னதும் பெரிசுமாக ஏழு பிள்ளைகள். ஒரு பெண் கையில் பந்து, இன்னொருத்தியிடம் கலர் பென்சில் டப்பா.

“நீங்களா கூப்பிடுவீங்கன்னு பாத்தோம், கூப்பிடல. நாங்களே வந்துட்டோம். எங்க மாமா குட்டிங்க?” என்றார் டாக்டரம்மா.

மாமா பதில் தேடுவதற்குள் பிள்ளைகள் செருப்பை உதறிவிட்டு உள்ளே பாய்ந்துவிட்டன. முதல் அறை, ஃபேன் சுற்றுகிறது, யாருமில்லை. இரண்டாவது அறை, விளக்கு எரிகிறது, யாருமில்லை. டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள்.

“மாமா, யாரையும் காணோமே?” என்று கத்தினாள் தையல்காரரின் கடைக்குட்டி. அடுத்த நொடியே அவள் கண் விரிந்தது. “ஏய், ஒளிஞ்சிருக்காங்கடா! நாம வர்றது தெரிஞ்சு ஒளிஞ்சிருக்காங்க!”

வீடு அமர்க்களப்பட்டது. கட்டிலுக்கு அடியில் இரண்டு தலை நுழைந்தது. பீரோ திறந்தது, மூடியது. தடதடவென்று கால்கள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓடின. ஆளாளுக்குக் கூச்சல், சிரிப்பு. மாமா கூடத்து நடுவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“தேடுங்க. நல்லாத் தேடுங்க” என்றார்.

பெரியவர்கள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். டாக்டரம்மா மட்டும் உட்காரவில்லை. கொடியில் ஒரே ஒரு வேட்டி, தட்டு அடுக்கில் ஒரே ஒரு ஈரத் தட்டு, மின் அடுப்பில் வெறும் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அவர் அதையெல்லாம் பார்த்தார். அடுப்பை அணைத்துவிட்டு, மாமாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

“மாமா… யாரும் வரலயா?” என்றார் மெல்ல.

“ரீடிங்ல பொய் இல்லம்மா” என்றார் மாமா அவசரமாக. “நூத்துப் பதினேழும் நிஜமா எரிஞ்ச கரண்டு. பேரப்பிள்ளைங்கதான் பொய்.”

“எதுக்கு மாமா?”

“எண்பதைத் தாண்டினாத்தானேம்மா குழுவுல போடுவீங்க.”

டாக்டரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா” என்றார்.

“எப்படிம்மா கேக்குறது? கை தட்டிட்டீங்களே.”

டாக்டரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எங்க குழுவுலயே எழுதிக்கறேன். நாளையிலேருந்து ஆறு மணிக்கு வந்துடணும், யூனிட்டாவது மண்ணாவது” என்றார். பிறகு பிள்ளைகளைக் கூப்பிட உள்பக்கம் திரும்பினார்.

மாமா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “கூப்பிடாதீங்கம்மா. இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும்.”

உள்ளே ஓட்டம் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிந்தது. தேடுவதற்கு அப்படி என்ன பெரிய அரண்மனையா, மூன்று அறைதானே. கடைசியில் அந்தக் கடைக்குட்டி, மாமாவின் மனைவி இருந்த அறையிலிருந்து வெளியே வந்தாள். தலையெல்லாம் ஒட்டடை, மூச்சு வாங்கியது. மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தாள்.

“மாமா, எல்லா இடமும் பாத்துட்டோம். நாங்க தோத்துட்டோம். அவங்கள வெளிய வரச் சொல்லுங்க.”

மாமா அவளைப் பார்த்தார், விளக்கு எரிந்துகொண்டிருந்த அறைகளைப் பார்த்தார். என்ன சொல்வார், யாரைக் கூப்பிடுவார்?