டயருக்கு அடியில் நாலு பழம்

விஸ்வா வலையைக் கிழித்துப் பழத்தைப் பறித்துப் போய்விட்டான் என்று வாட்ச்மேன் மருதையன் சொன்னதும், அருள்செல்விக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நெல் வயலில் தண்ணீர் தேங்கும் களிமண்ணில் எலுமிச்சை பிழைக்குமா என்பதுதான் இருவருடைய முனைவர் பட்ட ஆராய்ச்சியும். திருவிடைமருதூர்ப் பக்கம் ஒரே பண்ணை, ஒரே பேராசிரியர். விஸ்வாவின் ஒட்டுக்கன்றுகள் போன மழையிலேயே வேர் அழுகிச் செத்தன. அருள்செல்வியின் கன்றுகளில் ஒன்று மட்டும் தாக்குப்பிடித்து, முதன்முறையாக நாலே நாலு காய் விட்டது. பழுத்ததும் எடை போட்டு, சாறு பிழிந்து அளந்தால்தான் அவள் ஆய்வு நிலைக்கும். வயிற்றெரிச்சல் பிடித்த அந்தப் பயலுக்கு இது நன்றாகவே தெரியும்.

அன்று ஆயுத பூஜை. பேராசிரியர் வாஞ்சிநாதன் புதுக் காரைப் பண்ணைக்கே கொண்டுவந்திருந்தார். பழம் வாங்க மறந்துவிட்டார்கள். விஸ்வா முந்திக்கொண்டு தோப்புக்குப் போயிருக்கிறான்.

அவள் ஓடிவந்தபோது கற்பூரம் காட்டியாகிவிட்டது. டயருக்கு ஒன்றாக நாலு பழமும் குங்குமத்தோடு கிடந்தன. வாஞ்சிநாதன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். விஸ்வா பக்தியாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நடிப்புக்குக் குறைச்சலில்லை.

அது சோதனைப் பழம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். கடையில் நாலு வாங்கி அளந்து எழுதிக்கொள், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார் பேராசிரியர்.

"விடுங்க சார். நம்ம பூஜையெல்லாம் இவங்களுக்கு எங்க புரியும்?" என்றான் விஸ்வா.

"எங்கப்பாவும் வேளாங்கண்ணி கெளம்பறப்ப வண்டிக்குப் பழம் வச்சுத்தான் எடுப்பாரு. ஆனா கடையில வாங்கி வைப்பாரு."

சொல்லிக்கொண்டே குனிந்து மூன்று பழங்களை எடுத்துவிட்டாள். நாலாவதை எடுக்கப் பின்டயருக்கு அடியில் கை விட்டபோது வண்டி உறுமியது. வாஞ்சிநாதன் கண்ணாடியில் அவளைப் பார்த்துக்கொண்டேதான் சாவியைத் திருப்பியிருந்தார். அவள் கையை இழுக்கவில்லை.

கடைசியில் அவர்தான் வண்டியை நிறுத்தினார்.

"அதை எடுத்தேன்னா, இனிமே நீ என் ஸ்டூடண்ட் இல்ல."

"சரிங்க சார்," என்று எடுத்துக்கொண்டு லேபுக்கு நடந்தாள்.

நாலும் நல்ல கனம். சாறும் குறைவில்லை. அந்த மரம் ஜெயித்துவிட்டது. கைடு இல்லாதவள் இந்தக் கணக்கை எந்த ஆய்வில் சேர்ப்பது? அழுதுகொண்டே கடைசிச் சொட்டுவரை அளந்தாள்.