ஆணி அடிக்கக் கூடாது

"புது வீட்டுக்காரம்மா கையெழுத்துப் போடற வரைக்கும் கதவைப் பத்தி மூச்சு விடக் கூடாது."

"போட்ட பிறகு, மாமா?"

"போட்ட பிறகு நீ கேளு."

"உங்க கதவு. நான் எதுக்குக் கேக்கணும்?"

"எனக்கு மாட்டத்தான் தெரியும்மா. கேக்க வராது."

இஸ்திரிக்கு வந்த துணிகளில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த மருமகளிடம் மாமனார் நேற்று மாலை இப்படிச் சொன்னார். இன்று காலை அதே கதவின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவள் கணவனுமாகப் பிடித்து, நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்களின் மேல் படுக்கப் போட்டார்கள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர்களின் உதவியோடு மாமனாரைத் தூக்கி அதன்மேல் கிடத்தினார்கள். அவர் நீளத்துக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

விடிந்தபோது அவர் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையில் இழைப்புளி, மடி நிறைய மரச்சீவல். வேலைக்கு நடுவே கண்ணசந்தவர் போலத்தான் இருந்தார். காலங்கார்த்தாலே குப்பை பண்ணியாச்சு என்று திட்டிக்கொண்டே துடைப்பத்தோடு போன மாமியார், மடியைச் சுத்தமாகப் பெருக்கி எடுத்த பிறகுதான் கையைத் தொட்டுப் பார்த்தார். சில்லிட்டிருந்தது.

மாமனார் தச்சர். எத்தனையோ வீடுகளுக்குக் கதவு மாட்டியவர். கல்யாணமான புதிதில் ஒரு பழைய பங்களாவை இடித்த இடத்தில், கூலிக்குப் பதிலாக இந்தத் தேக்குக் கதவை வாங்கிக்கொண்டு வந்து நின்றாராம். "அரிசியோட வருவார்னு பார்த்தா கதவோட வந்தார். வீடு எங்கேன்னு கேட்டேன். வரும்னார்" என்று மாமியார் சொல்லிக்காட்டாத விருந்தாளி கிடையாது.

வீடுகள் வந்தன, எல்லாம் வாடகைக்கு. எல்லாவற்றிலும் ஒரே அறை, ஒரே சட்டம்: ஆணி அடிக்கக் கூடாது. காலமெல்லாம் அடுத்தவர் வீட்டில் ஆணி அடித்துக் குடும்பம் நடத்தியவரின் வீட்டில் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. டேப் போட்டு ஒட்டிய கண்ணாடி இரண்டு தடவை விழுந்து, கடைசியில் அலமாரிக்குள் போனது. தலை வார வேண்டுமென்றால் அலமாரிக்குள் தலையை விட வேண்டும்.

கதவு மட்டும் எல்லா வீட்டுக்கும் கூடவே வந்தது. அக்கம்பக்கத்தில் அவருக்குப் பெயரே கதவு மாமாதான். பகலில் அதைப் படுக்கப் போட்டு மருமகள் இஸ்திரி போடுவாள். ஒரு தடவை பெட்டியை மறந்து வைத்துவிட்டதில் ஒரு மூலை கருகிவிட்டது. அவர் உப்புத்தாளை எடுத்துத் தேய்த்தார். வடு போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அது மேஜை. இரவில் நிமிர்த்தி, செங்கல் முட்டுக் கொடுத்தால் அறைக்கு நடுவே தடுப்பு. இந்தப் பக்கம் பெரியவர்கள், அந்தப் பக்கம் சின்னவர்கள். திறக்கவும் முடியாத, மூடவும் முடியாத கதவு. புரண்டு படுக்கும்போது மருமகளின் கால் பட்டால் அது ஆடும். ஆடினால் மாமியார் இருமுவார். மாமியார் இருமினால் மாமனார் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போகிறவர் போலத் தெருமுனை வரைக்கும் போய்விடுவார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவளும் கணவனும் மனம்விட்டுப் பேசியதெல்லாம் பஸ் நிறுத்தத்தில்தான். நிறைய பஸ்களை விட்டிருக்கிறார்கள்.

இரண்டு அறை வீட்டுக்கு மாத வாடகை எப்படியாவது கட்டிவிடலாம். முதலிலேயே மொத்தமாகக் கொடுக்கவேண்டிய அட்வான்ஸ்தான் இடித்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்காக அந்த அட்வான்ஸை வீட்டுக்காரரிடமே நேராகக் கட்டுகிற வாடகை உதவி அலுவலகம் ஒன்று இருப்பதைக் கணவன் கண்டுபிடித்தான். மனுவும் தேறிவிட்டது. ஆனால் ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே, ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் வீட்டுக்காரர்களின் மச்சான்கள் குடிவரத் தொடங்கினார்கள். கடைசியாக, ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவர் மட்டும் சரி என்றார்.

வீட்டைச் சுற்றிக் காட்டியபோது ஆணி அடிக்கக் கூடாது என்பதை அறைக்கு ஒரு தடவை சொன்னார். இரண்டு அறைக்கும் நடுவே மரநிலை மட்டும் இருந்தது. பழைய கதவைக் கரையான் தின்றுவிட்டதாம். களைப்பாறுகிறவர் போல நிலையைப் பிடித்து நின்ற மாமனார், சாண் சாணாக அதை அளப்பதை மருமகள் பார்த்துவிட்டாள். வீடு திரும்பி வாசலில் செருப்பை விடும்போது, "கீழே ஒரு விரல் இழைச்சா போதும்" என்றார், செருப்பிடம் சொல்வது போல.

அலுவலகம் கொடுத்த கெடு இன்றோடு முடிகிறது. நர்ஸம்மா இன்று கையெழுத்துப் போடாவிட்டால் அட்வான்ஸ் வரிசையில் இருக்கும் அடுத்த குடும்பத்துக்குப் போய்விடும். கணவன் போனில் விஷயத்தைச் சொன்னதும், அலுவலகக்காரர் காகிதத்தை எடுத்துக்கொண்டு, நர்ஸம்மாவைத் தானே அழைத்து வருவதாகச் சொன்னார்.

மாமியாருக்கு வேறு கவலை. மருமகளை அடுப்படிப் பக்கம் இழுத்துப் போனார்.

"நாலு தலைன்னு எழுதித்தானே ரெண்டு ரூம் குடுத்தாங்க? ஒரு தலை போச்சுன்னா ஒரு ரூமும் போயிடும். கையெழுத்து ஆகட்டும். அதுவரைக்கும் அவர் தூங்கறார்."

"அத்தை, மாமாவைக் கதவு மேல போட்டிருக்கோம்."

"அவர் கதவு. அவர் தூங்குவார்."

உங்கள் பிள்ளை போனிலேயே சொல்லிவிட்டார் என்று அவள் வாயெடுப்பதற்குள் மாமியார் வந்திருந்தவர்களுக்கு நடுவே போய், அழுகிறவர்கள் எல்லாரும் அந்தம்மா கிளம்பிய பிறகு அழுதுகொள்ளலாம் என்று அறிவித்துவிட்டார். தெருவிலிருந்தே குரலெடுத்து வந்த மாமனாரின் தங்கை, பாதியில் நிறுத்தத் தெரியாமல் விக்கல் எடுத்து உட்கார்ந்தாள்.

அலுவலகக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பின்னால் வந்த நர்ஸம்மா, பழக்கதோஷத்தில், நேராகப் போய் மாமனாரின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைத்தார்.

"ராத்திரி சரியாத் தூங்கலை. அதான்" என்றார் மாமியார்.

விக்கல் மட்டும் கேட்டது. அலுவலகக்காரர் மாமியாரின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அம்மா, மூணு பேருக்கும் ரெண்டு ரூம் உண்டு. உங்க பேரை முதல்ல போட்டு எடுத்துட்டு வந்திருக்கேன்."

"எழுதியிருக்கா?"

"எழுதியிருக்கு."

மாமியார் தலையாட்டினார். எழுந்து போய், கணவரின் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த ஒரு மரச்சீவலை எடுத்தார். அதை எங்கே போடுவது என்று தெரியாமல் இரண்டு பக்கமும் பார்த்தார். முந்தானையில் முடிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அழுதார். தங்கைக்கு விக்கல் நின்றது.

கையெழுத்துப் போட ஒரு மேஜை கிடைக்குமா என்று கேட்டார் அலுவலகக்காரர். வீட்டில் இருந்த ஒரே மேஜையின் மேல் மாமனார் இருந்தார். அட்டை, பலகை என்று கணவன் தேடப் போனான். நர்ஸம்மா காத்திருக்கவில்லை. மாமனாரின் பாதங்களுக்குக் கீழே மிச்சமிருந்த இடத்தில் காகிதத்தை விரித்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். மாமனார் புதிதாக இழைத்திருந்த ஓரத்தில் கை பட்டதும் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

"நல்ல மரம்" என்றார்.

மருமகள் வாயைத் திறந்தாள். கையில் அட்டையோடு வந்த கணவன், வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னான். கையெழுத்து ஆகிவிட்டது. ஆனால் சாவி இன்னும் நர்ஸம்மாவின் பையில்தான் இருந்தது.

சுடுகாட்டு வண்டி வந்தது. நான்கு பேர் மாமனாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். மாமியார் வாசல்வரை போய் நின்றார். ஸ்டூல்களின் மேல் கதவு மட்டும் மிஞ்சியது, ஒரு மூலையில் இஸ்திரிப் பெட்டியின் கரிய வடுவோடு. மருமகள் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

நர்ஸம்மா பையைத் திறந்து சாவியை நீட்டினார்.

"அவசரமில்லே. எல்லாம் முடிஞ்சு வாங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும்..."

"ஆணி" என்றாள் மருமகள்.

"ஆமா. ஆணி."

வெளியே வண்டியின் பின்கதவு சாத்தவில்லை. டிரைவர் இரண்டு தடவை அறைந்து பார்த்தார். கணவன் அவளைக் கூப்பிட்டான். அவள் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. கையைக் கதவிலிருந்து எடுக்கவும் இல்லை.

"ஆணி வேண்டாம்மா. ஸ்க்ரூதான். உங்க நிலையில பழைய கீல் இருந்த ஓட்டை அப்படியே இருக்கு. எங்க மாமா பார்த்து வெச்சிருந்தார்."

வெளியே டிரைவர் மூன்றாவது தடவை அறைந்தார்.

"எங்க கதவை உங்க வீட்டுல மாட்டிக்கட்டுமா?"